எண்களின் பிடிவாதம்

3,486,515,199. ஓர் எண்ணை இருபது தடவை எழுதிப் பெருக்கினால் வருவது அதன் இருபதாம் வலு. மேலே உள்ள எண்ணை அத்தகைய வலுக்களின் கூட்டுத்தொகையாக எழுதக் குறைந்தது 1,051,899 துண்டுகள் வேண்டும். இதைக் கண்டுபிடிக்கக் கணினி தேவையில்லை, தாளும் பேனையும் போதும்.

காரணத்தைச் சின்ன எண்ணிலேயே காணலாம். ஆறாம் வலுக்கள் 1, 64, 729 என்று போகும். சல்லிக் கடற்கரையில் மீன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விலை 703 ரூபா. புழக்கத்தில் 1, 64, 729 ரூபாக் குத்திக் காசுகள் மட்டும்தான், மிச்சமும் தரமாட்டார்கள். 729 கூடிப்போகும். 64 பதினொன்று கொடுத்தால் 704, அதுவும் ஒரு ரூபா கூடுதல். ஆகவே 64 பத்தும் ஒற்றை ரூபா 63உம் எண்ணிக் கொடுக்க வேண்டும்: மொத்தம் 73 காசு. விலை ஒரு ரூபா ஏறியிருந்தால் பதினொன்றோடு வேலை முடிந்திருக்கும். அடுத்த 64 நிறைய ஒன்று குறைவு, 729 இன்னும் எட்டவில்லை. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் 703இன் பிடிவாதம். இருபதாம் வலுக்களில் 3,486,515,199க்கும் அதே நிலைமை.

703க்கு 73 வேண்டும் என்பதைக் குழந்தையும் எண்ணிப் பார்க்கும். வேறு எந்த எண்ணும் 73ஐத் தாண்டிக் கேட்காது என்று நிறுவுவதுதான் கடினம். 1770இல் எட்வர்ட் வேரிங் எழுப்பிய கேள்வி இது. 1940இல் ஆறாம் வலுக்களுக்கு அதை முடித்துவைத்தவர் செங்கோட்டைக்கு அருகே வல்லத்தில் பிறந்த எஸ். எஸ். பிள்ளை. ஏழும் அதற்கு மேலுமான வலுக்களை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதே பெரும்பாலும் தீர்த்திருந்தார். அமெரிக்காவில் டிக்சனும் தனியே அதே முடிவுக்கு வந்தார். 1950 ஆகஸ்ட் 31இல் கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் பிள்ளை இறந்தார். அமெரிக்காவுக்குப் போகும் வழி அது. நான்காம் வலுக்களுக்கு 19 போதும் என்பது 1986இல்தான் நிறுவப்பட்டது. அதைச் செய்த மூவரில் ஒருவர் சென்னையின் ஆர். பாலசுப்பிரமணியன்.

எண் பெருகப் பெருகப் பிடிவாதமும் பெருகும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். கனங்களை, அதாவது மூன்றாம் வலுக்களை, எடுங்கள். ஒன்பது கனங்கள் கேட்கும் எண்கள் இரண்டே இரண்டு: 23, 239. அதற்கு மேல் எத்தனை கோடிக்குப் போனாலும் எட்டு போதும். மிகப் பெரிய எண்களுக்கு ஏழே போதும் என்று 1943இல் லினிக் நிறுவினார். வெறும் நான்கு போதாமல் நிற்கும் எண்களிலும் கடைசி ஒன்று இருக்கும் என்பது கணிதர்களின் ஊகம். 2000இல் அதற்கு ஓர் ஆளையும் நிறுத்தினார்கள்: 7,373,170,279,850. இதைவிடப் பெரிதாக, நான்கு கனங்களுக்கு அடங்காத ஒரே ஓர் எண்ணைக் காட்டிவிட்டால் இதுவே கடைசி என்ற ஊகம் அன்றே விழுந்துவிடும். இன்றுவரை அப்படி ஒன்று அகப்படவில்லை.