கிணற்றைப் பார்த்து மரம் நடுங்கள்

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் மாங்கன்று நட்ட பலருக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான். மாரியில் நட்ட கன்று தை, மாசி வரை தளதளவென்று நிற்கும். சித்திரை வெயிலில் இலை நுனி பழுப்பாகும். வைகாசியில் சோளகக் காற்று எழும்பியதும் அந்தப் பழுப்பு ஓரம் வழியே உள்நோக்கி நகரும். ஆனி முடிவதற்குள் இலைகள் கருகி உதிரும். "நோய் பிடிச்சிட்டுது" என்று மருந்துக் கடைக்கு ஓடுவார்கள். பூஞ்சண மருந்தும் அடிபடும், பூச்சி மருந்தும் அடிபடும், கன்று மட்டும் தேறாது. பெரும்பாலும் அதைப் பிடித்தது கிருமியோ பூச்சியோ அல்ல. வில்லங்கம் அதற்கு ஊற்றிய தண்ணீரில் இருக்கிறது.

ஊர்காவற்துறையும் வேலணையும் அடங்கிய பெருந்தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, கடலுக்குள் தள்ளித் தனித்துக் கிடக்கும் நெடுந்தீவு என எல்லாமே சுண்ணக்கல்லின் மேல் மெல்லிய மண் போர்த்திய நிலங்கள். ஆறு கிடையாது. ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழைதான் ஆண்டு முழுவதற்குமான முக்கிய வரவு. மிச்ச மாதங்களில் மனிதரும் மாடும் மரமும் நம்பியிருப்பது கிணற்றை. ஆகவே இங்கே தோட்டத்தைப் பற்றிப் பேசுவதென்றால் கிணற்றின் அடியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மிதக்கும் நன்னீர்

மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்குகிறது. அங்கே ஏற்கெனவே கடல்நீர் ஊடுருவி நிற்கிறது. நன்னீர் அதைவிட இலேசு என்பதால், குழம்பின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் அதன்மேல் தங்குகிறது. தீவின் நடுப்பகுதியில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும் இருக்கும் இந்தப் படையை நன்னீர் வில்லை என்கிறார்கள் நிலநீர் ஆய்வாளர்கள்.

ஒரு லீற்றர் நன்னீர் 1000 கிராம் என்றால், ஒரு லீற்றர் கடல்நீர் ஏறத்தாழ 1025 கிராம். இந்த 25 கிராம் வித்தியாசத்திலிருந்து ஒரு கணக்குப் பிறக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். ஆம்ஸ்டர்டாம் பகுதியின் நிலத்தடி நீரை ஆராய்ந்த ஒல்லாந்துப் பொறியியலாளர் படோன் கெய்பன் 1880களின் இறுதியில் இதை எழுதினார். வடகடல் தீவுகளின் குடிநீரை ஆராய்ந்த ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901இல் தனியே அதே முடிவுக்கு வந்தார். நெடுந்தீவுக்குத் தங்கள் நகரொன்றின் பெயரை வைத்து டெல்ஃப்ட் என்று அழைத்த ஒல்லாந்தரின் நாட்டவர் ஒருவர் போட்ட கணக்கு, நெடுந்தீவுக் கிணறுகளையும் விளக்குகிறது.

கணக்கின் மறுபக்கம்தான் தோட்டக்காரருக்கு முக்கியம். நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்தாலும் அடியிலுள்ள உவர்நீர் அதைவிடப் பலமடங்கு மேலேற முயலும். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், எடுத்த நீர் மெல்ல ஊறி வர நேரம் கிடைத்தது. நீர்ப்பம்பி ஒரே மூச்சில் இறைக்கும்போது, கிணற்றுக்கு நேர் கீழே உவர்நீர் கூம்பாக எழுகிறது. காலையில் நன்றாயிருந்த தண்ணீர் மத்தியானம் கரிப்பது இதனால்தான். நெடுந்தீவில் சாராப்பிட்டிக் கிணறுகள் நல்ல தண்ணீருக்குப் பெயர்பெற்றவை. அதே தீவின் வேறு பல வளவுகளில் வாயில் வைக்க முடியாத சவர்த்தண்ணீர். நயினாதீவின் பரப்பு நான்கு சதுர கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நாகபூஷணி அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பெருங்கூட்டம் வருவது ஆனி மாதத்தில், அதாவது வில்லை மெலிந்துகொண்டு போகும் வரண்ட காலத்தில்.

இலையைப் படிப்பது எப்படி?

உப்பு மரத்தை இரண்டு வழியில் வருத்துகிறது. மண்ணில் ஈரம் இருந்தாலும், உப்புக் கரைந்த நீரை வேர் உறிஞ்சுவது கடினம். எனவே நனைந்த பாத்தியிலேயே கன்று தாகத்தில் வாடும். இரண்டாவது, உறிஞ்சிய நீரோடு சோடியமும் குளோரைட்டும் இலைவரை ஏறுகின்றன. நீர் ஆவியாகப் போய்விடும், உப்பு நுனியிலும் ஓரத்திலும் தங்கிவிடும். அதிக நாள் உப்பைச் சேர்த்துவைத்தவை முதிர்ந்த இலைகள் என்பதால், கருகல் அங்கேதான் முதலில் தெரியும்.

தளிர் இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறைபாடு. தளிர்கள் சிறுத்து நெருக்கமாக, நரம்பிடை திட்டுத் திட்டாக மஞ்சளித்தால் நாகக் குறைபாடு. தேசி, தோடை மரங்களில் இது அடிக்கடி தெரியும். கீழ் இலைகள் சீராக மஞ்சளித்தால் நைதரசன் போதவில்லை. மரத்தின் தென்மேற்குப் பக்கம் மட்டும் கருகி மறுபக்கம் பச்சையாக இருந்தால், குற்றவாளி கிணறு அல்ல, கடலைக் கடந்து உப்புத் துளிகளைச் சுமந்துவரும் சோளகக் காற்று. எந்த இலை, எந்த இடம், எந்தப் பக்கம் என்ற மூன்றையும் கவனித்தாலே பாதி மருந்துச் செலவு மிஞ்சும்.

இரும்பு இருந்தும் இல்லாத மண்

இரும்புக் குறைபாடு என்றதும் மண்ணில் இரும்பு இல்லை என்று நினைக்கத் தோன்றும். துருப்பிடித்த ஆணிகளை மரத்தடியில் புதைப்பவர்களும் உண்டு. சுண்ணக்கல் மண்ணில் அதனால் பயனில்லை. இந்த மண்ணின் பி.எச். பெறுமானம் பெரும்பாலும் எட்டை ஒட்டியிருக்கும். அந்தப் பெறுமானம் ஒரு படி ஏறும்போது, வேர் எடுக்கக்கூடிய கரைந்த இரும்பு சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இரும்பு கண்ணுக்கு எதிரே கிடந்தும் மரத்துக்குக் கிட்டாது.

உடனடி நிவாரணம் இலைவழிதான். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி (பெரசு சல்பேற்று), கரைசல் துருப்பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி சேர்த்து, வெயில் தணிந்தபின் தளிரில் தெளிக்கலாம். தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். நிலைத்த பலனுக்குச் சேதனப் பொருள் வேண்டும். உக்கும் குழையும் எருவும் வேரைச் சுற்றி மெல்லிய அமிலத்தை உண்டாக்கி இரும்பை விடுவிக்கின்றன. பூவரசங்குழையையும் பனையோலையையும் தாழ்ப்பது, கரையொதுங்கும் சாதாளையை மழையில் உப்புக் கழுவவிட்டு எருவாக்குவது போன்ற பழைய வழக்கங்களின் பயன் இங்கேதான்.

செய்யக் கூடாததும் ஒன்று உண்டு. தென்னிலங்கையின் ஈரவலயத்து அமில மண்ணுக்காகச் சொல்லப்படும் யோசனையைக் கேட்டு, இங்கே குழியில் சுண்ணாம்போ அடுப்புச் சாம்பலோ போடக் கூடாது. இரண்டும் காரத்தைக் கூட்டி இரும்பை மேலும் இறுகப் பூட்டும்.

எந்தக் கிணற்றுக்கு எந்த மரம்?

உணவு விவசாய அமைப்பு வெளியிட்ட அட்டவணைகளின்படி, மண்கரைசலின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.7 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே தோடையின் விளைச்சல் விழத் தொடங்குகிறது. ஒவ்வொரு டெசிசீமன்ஸ் ஏற்றத்துக்கும் சுமார் 16 வீதம் இழப்பு. பேரீச்சைக்கு அந்த எல்லை 4.0, அதற்குமேல் இழப்பும் நான்கு வீதத்துக்குக் குறைவு. கடல்நீரின் அளவு ஏறத்தாழ 50. தேசி, தோடை, மா, வாழை, பப்பாசி ஆகியவை உப்பைப் பொறுக்காத கூட்டம். மாதுளை, இலந்தை, சப்போட்டா ஓரளவு தாங்கும் கூட்டம்.

தென்னையின் கதை வேறு. அதற்குக் குளோரைட்டு ஓர் ஊட்டம். பிலிப்பைன்ஸில் சாதாரண கறியுப்பையே தென்னைக்குப் பசளையாகப் போடச் சொல்கிறார்கள். தோடையைக் கருக்கும் பொருள் பக்கத்தில் நிற்கும் தென்னைக்கு உணவாகிறது. பனையோ இன்னும் ஒருபடி மேல். பனங்கொட்டை முளைக்கும்போது இலை வெளிவருவதற்கு முன்னரே ஒரு குழல் கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்கி, அதனுள்ளே கிழங்கு திரள்கிறது. முதலில் ஆழத்து ஈரத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகுதான் வெயிலுக்குத் தலைகாட்டுகிறது. நெடுந்தீவின் பெருக்குமரம் ஆபிரிக்காவிலிருந்து வந்த இனம். கோடையில் இலையை உதிர்த்து, மழைநீரைப் பருத்த அடிமரத்தில் சேமித்துக் காலம் தள்ளுகிறது.

பொறுக்காத மரத்தையும் பொறுக்கவைக்க ஒரு வழி, ஒட்டுக்கன்று. கனி தருவது மேற்பாதி, மண்ணோடு மல்லுக்கட்டுவது கீழ்ப்பாதி. இஸ்ரேலில் மாமரங்களை 13-1 என்ற அடிக்கன்றில் ஒட்டுகிறார்கள். சுண்ண மண்ணையும் உவர்நீரையும் தாங்குவதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட வகை அது. இந்தியாவில் சப்போட்டாவைப் பெரும்பாலும் பாலைக் கன்றில் ஒட்டுகிறார்கள். இலங்கையின் வரண்ட வலயக் காடுகளில் தானே வளர்ந்து, மக்கள் பொறுக்கித் தின்னும் பழம் தரும் அதே பாலைதான். நாற்றுமேடையில் கன்று வாங்கும்போது, மேலே என்ன சாதி என்று கேட்பதோடு கீழே என்ன கட்டை என்றும் கேட்பது நல்லது.

குழி, காற்று, தண்ணீர்

நடுவதற்கு ஏற்ற காலம் முதல் மழை மண்ணைக் கழுவிய பின்னர். ஐப்பசியில் நட்டால், வேர் உப்பில்லாத மண்ணில் மூன்று மாதம் ஓடி ஆழம் பிடிக்கும். மூன்றடி நீள, அகல, ஆழத்தில் குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டையை அடுக்கி, மேல்மண்ணும் மாட்டெருவும் கலந்து நிரப்பலாம். மட்டை மழைநீரைப் பிடித்து வைத்திருக்கும். அடியில் கற்படை தட்டுப்பட்டால் அலவாங்கால் உடைத்துவிட வேண்டும், இல்லையேல் குழி தொட்டியாகி வேர் அழுகும்.

காற்றுக்குத் தடுப்பு கட்டுவதில் நெடுந்தீவார் தேர்ந்தவர்கள். சாந்து பூசாமல் முருகைக்கல்லை அடுக்கிய அவர்களுடைய வேலிகள் கட்டாக்காலி மாடுகளையும் மறிக்கும், காற்றையும் தணிக்கும். முழுதாய் அடைத்த மதில் காற்றை மேலே தூக்கி மறுபக்கம் சுழலாக இறக்கிவிடும். இடைவெளியுள்ள கல்வேலியோ பனையோலை வேலியோ காற்றில் ஒரு பங்கை உள்ளே விட்டு, தன் உயரத்தின் பத்து மடங்கு தூரம் வரை அதன் வேகத்தைக் குறைக்கும். தென்மேற்கு எல்லையில் பூவரசும் வேம்பும் நிரையாக நின்றால் பலன் இன்னும் கூடும்.

தண்ணீர் விடுவதில் முதற்பாடம், சவர்த்தண்ணீரை இலையில் படவிடாமல் அடியில் விடுவது. நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேல்மண்ணிலேயே குவியும். இடைவிட்டு நன்றாக ஊற்றினால் அது வேருக்குக் கீழே இறங்கும். சொட்டு நீர்க் குழாய் போட்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. ஈரவட்டத்தின் விளிம்பில் சேர்ந்திருக்கும் உப்பைச் சிறுமழை திரும்ப வேருக்குள் தள்ளிவிடும். அதனால் தூறல் பெய்யும்போது குழாயை மூடாமல் ஓடவிட வேண்டும். நன்றாகப் பெய்யத் தொடங்கியபின் மூடலாம். கன்றுக்கு அருகே மண்முட்டியைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்புவது மற்றொரு வழி. சீனாவில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வேளாண் நூலொன்றிலேயே இம்முறை உண்டு. முட்டியின் சுவர் வழியே நீர் மெல்லக் கசிவதால் வேரடி காயாமலும் உப்புச் செறியாமலும் இருக்கும்.

கிணற்றடி வாழைக்குச் சவர்க்காரத் தண்ணீர் ஓடுவது வழக்கம். சவர்க்காரத்திலும் சோடியம் இருக்கிறது. கிணறே கரிக்கும் வளவில் இது உப்பின் மேல் உப்பு. பசளையிலும் இதே கவனம் வேண்டும். மியூரியேற்றுப் பொட்டாசு என்பது பொட்டாசியம் குளோரைட்டு. தென்னைக்கு அது சரி, மாவுக்கும் தேசிக்கும் பொட்டாசியம் சல்பேற்றே நல்லது.

மெய்யான பூச்சிகள்

எல்லாக் குற்றமும் உப்பின் தலையில் விழுந்துவிடாது. மாம்பழத்தை வெட்டினால் நெளியும் புழு, கீழைத்தேயப் பழ ஈயின் குஞ்சு. 2003இல் கென்யாவில் தலைகாட்டி ஆபிரிக்கா எங்கும் பரவிய ஒரு பழ ஈயை, இலங்கை மாதிரிகளையும் வைத்து 2005இல் புதிய இனமென்று அறிவித்தார்கள். 2015இல் அதுவும் கீழைத்தேயப் பழ ஈயே என்று முடிவாயிற்று. ஆண் ஈக்கள் மெதைல் இயூஜினோல் என்ற மணத்துக்கு மயங்கும். கடையில் விற்கும் பொறியிலும் அதுதான், முற்றத்துத் துளசியிலும் அது உண்டு. பொறியைவிட முக்கியம், விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைப்பது. புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும் வழி அதனால் அடைபடும்.

பப்பாசியில் வெள்ளைப் பஞ்சாகப் படியும் மாவுப்பூச்சி 2008இல் இலங்கைக்கு வந்து சேர்ந்தது. மருந்தால் அடங்காத அதை, புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து 2009இல் விடப்பட்ட ஒரு சிறு குளவி அடக்கியது. கண்ட நஞ்சையெல்லாம் அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான். தென்னோலையின் அடியில் வெண் ஈயும் மேலே கரும்பூஞ்சணமும் தெரிந்தால், நல்ல தண்ணீரை வேகமாகப் பாய்ச்சிக் கழுவுவதே வீட்டுத் தோட்டத்துக்கு முதற் சிகிச்சை.

நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதற்குக் கூரை ஒரு விடை. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர் கூரையில் ஆண்டுக்கு 1000 மில்லிமீற்றர் பெய்தால் 50,000 லீற்றர். அதில் பாதியைத் தொட்டியில் பிடித்தாலே இரண்டு தேசி மரங்களும் சில கன்றுகளும் கோடையைத் தாண்டும்.

மரம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றிருக்கிறது. கிணற்று நீரின் மின்கடத்துதிறனை மார்கழியில் ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் அளந்து எழுதிவைக்க வேண்டும். கைக்கடக்கமான கருவி போதும். எப்படி அளப்பது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேட்கலாம். உணவு விவசாய அமைப்பின் பாசன வழிகாட்டியில் 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே உள்ள நீருக்கு உப்பால் தடையில்லை. 0.7இலிருந்து 3 வரை எச்சரிக்கை வேண்டும். 3க்கு மேல் கடும் கட்டுப்பாடு. தெரிவு செய்யும்போது ஆவணி அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 3ஐத் தாண்டினால் தென்னையும் பனையும் இலந்தையும் நிலத்துக்கு, தேசி மழைத்தொட்டியின் பக்கத்துக்கு.