30 ரூபாய் கிளார்க்கும் பிடிபடாத பகா எண்களும்

ராயபுரத்தை ஒட்டியிருக்கும் சென்னைத் துறைமுகத்தைத் தாண்டும்போது ஒரு கிளார்க்கை நினைச்சுக்கோங்க. 1912 மார்ச்சில், மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு அங்கே சேர்ந்தவர் சீனிவாச ராமானுஜன்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தில் பகா எண்களும் இருந்தன. அதாவது 2, 3, 5, 7 மாதிரி, 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்கள். 100-க்குள் 25 இருக்கு, 1,000-க்குள் 168. எந்த எண் வரைக்கும் எத்தனை என்பதைக் கிட்டத்தட்ட பிசகே இல்லாமல் சொல்லிடலாம் என்று நம்பினார் ராமானுஜன். சின்ன எண்களுக்கு அவர் சூத்திரம் அசத்தலா ஒத்துப்போச்சு. எண்கள் ரொம்பப் பெரிதானால் பிசகும் பெரிதாகும்!

இதில் சறுக்கினாலும், கடிதத்தின் மற்ற சூத்திரங்களில் அசந்துபோன ஹார்டி, 1914-ல் அவரை கேம்பிரிட்ஜுக்கே வரவழைத்தார்.

பகா எண்கள் இன்னும் போக்குக் காட்டுகின்றன. அதுவரை யாரும் காணாத மிகப்பெரிய பகா எண் 2024 அக்டோபரில் சிக்கியது. 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி, 1 கழித்தால் அந்த எண். இலக்கங்கள் மட்டும் 4,10,24,320!

உங்க போனுக்கு என்ன சம்பந்தம்? இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம். விடையை மட்டும் வச்சுக்கிட்டு அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது பெரும்பாடு. இணையத்தில் நம்ம ரகசியங்களைக் காக்கும் 'ஆர்.எஸ்.ஏ.' பூட்டு இந்தப் பெரும்பாட்டை நம்பித்தான் நிக்குது.