புதிய மீன் தொட்டியின் நீர்ச்சிக்கல்

புதிதாக அமைத்த நன்னீர் மீன் தொட்டியில், முதல் சில வாரங்களில் மீன்கள் அடுத்தடுத்து இறப்பதற்குப் பெரும்பாலும் அம்மோனியாவே காரணம் ஆகும். மீன்களின் செவுள்களில் இருந்தும் கழிவில் இருந்தும், தின்னாமல் அழுகும் தீனியில் இருந்தும் இது நீரில் சேர்கிறது. நாட்பட்ட தொட்டியில் ஒருவகை பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நச்சுத்தன்மை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. வடிகட்டியின் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் இவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகலாம்.

கண்ணுக்குத் தெரியும் கலங்கல் வேறு. தொடக்க நாட்களில் தோன்றும் பால் போன்ற வெண்மை, கழிவுகளை உண்ணும் வேறு பாக்டீரியாக்களின் பெருக்கம். பெரும்பாலும் அது தானே தெளியும். அம்மோனியாவோ நிறமற்றது, பளிங்கு போன்ற நீரிலும் மீனைக் கொல்லும். கலங்கலைக் கண்டு தொட்டியைக் காலி செய்து, பஞ்சைக் குழாய் நீரில் அலசுவதே வழக்கமான தவறு. குழாய் நீரிலுள்ள குளோரின் நல்ல பாக்டீரியாக்களையும் அழிப்பதால், காத்திருப்பு மீண்டும் முதலில் இருந்து தொடங்கும்.

மீன்கள் நீர்மட்டத்தில் வாய் பிளந்து திணறினால் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அவை மிகுந்திருந்தால், குளோரின் நீக்கிய நீரைக் கொண்டு தினமும் கால் பங்கு நீரை மாற்றி, தீனியைக் குறைக்க வேண்டும். காரத்தன்மை கூடிய நீரில் அம்மோனியா இன்னும் கொடியது. நோயில்லாத பழைய தொட்டியின் பஞ்சில் ஒரு துண்டைப் புதிய வடிகட்டியில் வைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். பஞ்சை அலச நேர்ந்தால், தொட்டியில் இருந்து எடுத்த நீரிலேயே அலசலாம்.