உங்களுக்குத் தெரியுமா? செஞ்சிக்கு மராத்தியிலும் விளம்பரம் வேண்டும்!

2025 ஜூலை 11 அன்று, மராட்டியர் இராணுவ நிலப்பரப்புகளாக 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று நம் செஞ்சி.

செஞ்சியில் விடுதியோ உணவகமோ நடத்துபவர் கவனிக்க வேண்டிய சேதி இது. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டை; அவர் மகன் இராஜாராம், முகலாயர் முற்றுகைக்கு நடுவே, 1698 வரை இங்கிருந்துதான் ஆட்சி நடத்தினார். புனேக்காரர் இதைப் பள்ளியிலேயே படித்திருப்பார். அவர் கைப்பேசியில் தேடுவது மராத்தியில், 'ஜிஞ்ஜி' என்று. நம் கடைகளின் பக்கங்களில் அந்தச் சொல் இல்லையென்றால் தேடுபொறி எதைக் காட்டும்? படத்துக்குக் கீழே இரண்டு வரி மராத்தி எழுதக் காசா பணமா! கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், நேரம், படங்களைப் பதிவதும் இலவசம்தான்.

தமிழை விட்டுவிட வேண்டாம். தமிழ் இணையதளங்களுக்குக் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் கிடைக்கத் தொடங்கியதே 2018இல்தான். அதுவரை செஞ்சியைப் பற்றித் தமிழில் எவ்வளவு எழுதினாலும் அந்த வழியில் காலணா வராது. 'இந்தியா' என்று தமிழிலேயே முடியும் இணைய முகவரியும் இப்போது வாங்கலாம்.

இன்னொன்று: காசு வாங்கிக்கொண்டு ரீல்ஸ் போடும் பிரபலம், அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். விளம்பரத் தர மன்றம் 2021இலேயே இதற்கு நெறிமுறை வகுத்துவிட்டது. பலர் சொல்வதில்லை என்பது வேறு கதை.

இணையம் வருமுன் செஞ்சியைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசேர்த்தவர்கள் யார் தெரியுமா? 1714இல் ஆற்காட்டு நவாபோடு மோதி மாண்ட ராஜா தேசிங்கின் கதையைக் கூத்தாடியவர்களும், அதைப் பெரிய எழுத்துப் புத்தகமாக மலிவு விலைக்கு விற்றவர்களும்தான்.