எய்தவனும் அம்பும்

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில் நூரம்பர்க் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. 1945-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20-ஆம் நாள், அந்நகரின் நீதிமாளிகையில் உலகம் அதற்குமுன் கண்டிராத வழக்கொன்று தொடங்கியது. போரில் தோற்ற நாட்டின் தலைவர்களை வென்றோர் தம் மனம்போல் ஒறுப்பதே பெரும்பாலும் பழைய வழக்கம். அவ்வாறு செய்யாது, அமெரிக்கா, பிரிட்டன், சோவியத்து ஒன்றியம், பிரான்சு ஆகிய நான்கு நாடுகளும் நடுவரை அமர்த்திச் சான்று காட்டி, எதிர்வாதமும் கேட்டன.

கூண்டிலிருந்தோர் பலர் கூறிய விடை ஒன்றே: "மேலோர் ஆணையிட்டனர், யாம் பணிந்தோம்." ஆணையிட்ட ஹிட்லரோ முன்னரே மாண்டொழிந்தான். எய்தவன் இருக்க அம்பை நோவதேன் என்பது நம் பழமொழி. ஆனால், மனிதன் அறிவற்ற அம்பு அல்லன் அன்றோ! மேலோர் ஆணை தண்டனையைக் குறைக்கக் கூடுமேயன்றிக் குற்றத்தைத் துடைக்காது என்பது அம்மன்றத்தின் சட்டம். 1946 அக்டோபர் முதல் நாள் பன்னிருவர்க்குத் தூக்கும் எழுவர்க்குச் சிறையும் விதிக்கப்பட்டன. மூவர் விடுதலை பெற்றனர்.

இது வென்றோர் நீதி என்று குறை கூறுவாரும் உளர். அக்குறையில் உண்மை இல்லாமற் போகவில்லை. 1939-இல் போலந்தைப் பங்கிட்டுக்கொண்ட சோவியத்தே நடுவர் வரிசையிலும் அமர்ந்தது. எனினும், அந்நாட்டு நடுவர் மறுத்தும் மூவர் விடுதலையடைந்தமையால், தீர்ப்பு முன்னரே எழுதி வைக்கப்பட்டதன்று என்பது விளங்கும்.

அடுத்து, அதே நகரில் அமெரிக்க மன்றத்தின்முன் வணிகரும் நிறுத்தப்பட்டனர். ஐ. ஜி. பார்பன் என்பது வேதிப்பொருள் செய்யும் மாபெரும் கூட்டு நிறுவனம். ஆஷ்விட்ஸ் கொலைமுகாமின் அருகே செயற்கை ரப்பர்த் தொழிற்சாலை ஒன்றை எழுப்ப, அது முகாம்வாசிகளை அடிமைகளாக வேலை வாங்கியது. பசியாலும் களைப்பாலும் வீழ்ந்தோர் பல்லாயிரவர். 1947-இல் தொடங்கிய வழக்கில் இயக்குநர் முதலான 23 பேர் விசாரிக்கப்பட்டு, 1948-இல் 13 பேர் தண்டனை பெற்றனர். மிகப் பெரிய தண்டனை எட்டாண்டுச் சிறை. முகாமில் மக்களைக் கொன்ற நச்சுவாயுவை விற்ற நிறுவனத்தில் பார்பனுக்கும் பங்கு இருந்தது. ஆயினும், அது எதற்குப் பயன்பட்டதென இயக்குநர்கள் அறிந்திருந்தமைக்குச் சான்றில்லை என்று மன்றம் அக்குற்றத்தினின்று அவர்களை விடுவித்தது. தண்டனை பெற்றோரும் நெடுங்காலம் சிறையில் இருந்தாரல்லர். ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்ட பிரிட்ஸ் தெர் மேர், 1956-இல் பேயர் நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுத் தலைவராகவே அமர்ந்தார்!

நூரம்பர்க் ஊன்றிய வித்து முளைக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1998-இல் ரோம் நகரில் நாடுகள் பல கூடி உடன்படிக்கை வகுத்தன. 2002 ஜூலை முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன்வழி எழுந்த பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் நெதர்லாந்தின் ஹேக் நகரில் இயங்குகிறது. நாட்டுத் தலைவராயினும் அம்மன்றத்தின்முன் பதவி காவாது. நிறுவனங்களையும் குற்றவாளிகளாக நிறுத்தலாம் என்று ரோமில் பிரான்சு முன்மொழிந்தது. நாடுகள் உடன்பட்டில. ஆதலின் அம்மன்றம் தனி மனிதரை மட்டுமே விசாரிக்கும். அங்குள்ள கூண்டில் நிறுவனத்திற்கு இடமில்லை.