நூறு வயது நெல்!

மதுரையில் இருந்து மேலூர் போகும் சாலையில் இருக்கிறது ஒத்தக்கடை. அங்கே, யானைமலைக்கு அருகில், வேளாண்மைக் கல்லூரி உள்ளது. 1965-ம் ஆண்டு தொடங்கிய கல்லூரி. "எம்.டி.யு." என்று பெயர் தொடங்கும் நெல் ரகங்கள் இங்கு உருவானவை.

புது நெல் வந்துகொண்டே இருக்கிறது. அப்படியானால், பழைய நெல்லுக்கு இனி வேலை இல்லையா?

இருக்கிறது! கிச்சிலிச் சம்பாவின் கதையைக் கேளுங்கள்.

ஒரே ஒரு செடி

1912-ல் கோவையில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பார்னெல் என்ற வெள்ளைக்கார நிபுணர் அங்கு ஆராய்ச்சி நடத்தினார். "கோணமணி" என்ற நெல்லில் இருந்து, மாறுபட்ட செடி ஒன்றைப் பொறுக்கி எடுத்தார்கள். அதன் அரிசி சன்னம். அதைப் பெருக்கி, 1921-ல் வெளியிட்டார்கள். சர்க்கார் வைத்த பெயர் "ஜி.இ.பி. 24". மக்கள் சொன்ன பெயர், கிச்சிலிச் சம்பா!

அதற்குக் குறையும் உண்டு. ஏறக்குறைய ஐந்து மாதம் வயலில் நிற்கும். உயரமாக வளரும். உரத்தை அள்ளிப் போட்டால் சாய்ந்துவிடும். 1960-களில் நாட்டில் உணவுப் பஞ்சம். அதிகம் விளையும் குட்டை நெல் வந்தது. குடியானவர்கள் அதற்கு மாறினார்கள். அது தவறு அல்ல. முதலில் வயிறு நிறைய வேண்டாமா?

தாத்தா யார்?

"ஐ.ஆர். 20" அரிசியை அறியாத வீடு உண்டா? 1969-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் இருந்து வந்த நெல் அது. அதன் பெற்றோரில் ஒன்று, நம் திரூர்க்குப்பத்தில் பிறந்த "டி.கே.எம். 6". குருத்துப் பூச்சியை எதிர்க்கும் குணம் அதற்கு இருந்தது. அந்த நெல்லின் பெற்றோரில் ஒன்று கிச்சிலிச் சம்பா!

தஞ்சையில் புகழ் பெற்ற "ஆடுதுறை 27"? ஜப்பான் நெல்லுக்கும் கிச்சிலிச் சம்பாவுக்கும் பிறந்த பிள்ளை!

பழைய விதை அழிந்திருந்தால், இந்தப் புது விதைகள் ஏது?

சீமையிலும் இதே கதை

இங்கிலாந்தில் "மாரிஸ் ஆட்டர்" என்று ஒரு பார்லி. 1960-களில் வந்தது. அதைவிட அதிகம் விளையும் பார்லிகள் பிறகு வந்தன. 1989-ல் பட்டியலில் இருந்தே அதை நீக்கினார்கள். ஆனால், பீர் காய்ச்சுகிறவர்கள் அதை விடவில்லை. "இந்த ருசி வேறு எதில் வரும்?" என்றார்கள். கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள். இன்றும் அது வயலில் நிற்கிறது.

அதைக் காப்பாற்றியது யார்? வாங்கியவர்கள்தான்!

நம் கையில்

விதையைக் குளிர்ப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். விஞ்ஞானிகள் அதைச் செய்கிறார்கள். ஆனால், விளைச்சல் குறைந்த நெல்லைக் குடியானவர் ஏன் நட வேண்டும்? நல்ல விலை கிடைத்தால்தான் நடுவார். நாம் கேட்டால்தான் விலை கிடைக்கும்.

தினமும் வேண்டாம். பொங்கலுக்கு, பிறந்த நாளுக்கு ஒரு படி போதும்.

அடுத்த முறை அரிசிக் கடைக்குப் போகும்போது, "கிச்சிலிச் சம்பா இருக்கிறதா, அண்ணாச்சி?" என்று கேட்டுப் பாருங்கள்.