தாடை வலியும் இரு மருத்துவர்களும்

சொத்தை விழுந்த பல் வலிக்கும் என்பதை யாவரும் அறிவோம். பல்லில் யாதொரு குறையும் இல்லாதபோதே பல் வலிப்பதுண்டு என்பதை அறிந்தோர் சிலரே. காதருகே தொடங்கும் வலி கன்னம் முழுதும் பரவுகிறது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் குத்துகிறது. உணவை மெல்லும்போது மிகுகிறது. நோயாளி அப்பல்லைச் சுட்டிக்காட்டிப் பிடுங்கிவிடும்படி வேண்டுகிறார். பிடுங்கிய பின்னும் வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. உடனே அடுத்த பல்லின்மீது ஐயம் எழுகிறது. இவ்வாறு நல்ல பற்களை வீணே இழந்தவர்கள் உண்டு.

இத்தகைய வலியின் இருப்பிடம் பெரும்பாலும் தாடை மூட்டும் அதனை இயக்கும் தசைகளுமே ஆகும். காதின் முன்புறத்தில் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், விரலின் கீழே ஓர் எலும்பு முனை அசைவதை உணரலாம். அதுவே அம்மூட்டு. முதலில் அது கதவின் கீலைப் போலச் சுழல்கிறது. வாய் மேலும் திறக்கையில் முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெல்லிய தட்டு ஒன்று உண்டு. கீழ்த்தாடை ஒரே எலும்பாதலால் வலப்புற மூட்டு அசையும்போது இடப்புற மூட்டும் அசைந்தே தீரவேண்டும். ஒன்று முரண்டினால் மற்றதன் வேலையும் கெடும். வாயைத் திறக்கையில் சிலருக்கு 'டக்' என்ற ஒலி கேட்பது, பெரும்பாலும் அத்தட்டு இடம் விலகித் திரும்புவதால் நேர்வது. வலியும் தடையும் இல்லாத வெறும் ஒலிக்கு மருத்துவம் வேண்டுவதில்லை.

1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்துக் காது மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன் இந்நோயைப் பற்றி எழுதினார். பின்பற்களை இழந்தவர்களின் தாடை இடம் பெயர்ந்து, அருகிலுள்ள நரம்புகளை அழுத்துகிறது என்பது அவர் கருத்து. பற்களை உயர்த்திக் கட்டினால் வலி தீரும் என்ற நம்பிக்கை அதனால் வலுப்பெற்றது. அவர் சொன்ன அழுத்தம் உடற்கூற்றுக்குப் பொருந்தாது என்று பின்னர் தெளிவாயிற்று. 1950-களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ், நோயின் வேர் பெரும்பாலும் தசைகளில் இருப்பதை வற்புறுத்தினார். ஜானட் டிராவல் என்ற பெண் மருத்துவர், தசையில் முடிச்சு விழுந்த இடம் ஒன்றிருக்க, வலி தோன்றும் இடம் வேறாக இருக்கும் என்பதை எடுத்துக்காட்டினார். கன்னத் தசையின் முடிச்சு கடைவாய்ப் பல்லில் வலியாகத் தோன்றுவது அவ்வகையே. (பிற்காலத்தில் அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்தவர் இவரே.)

நோய் தசையிலும் மூட்டிலும் இருப்பின், தசையையும் மூட்டையும் கையாளக் கற்றவரும் உடனிருத்தல் வேண்டும் அன்றோ? அவர்தான் பிஸியோதெரபிஸ்ட் எனப்படும் இயன்முறை மருத்துவர். முழங்காலுக்கும் முதுகுக்கும் உரியவர் அவர் என்றே நம் மக்கள் எண்ணுகின்றனர். ஆனால் முகத்திலிருந்து வரும் நரம்பும் கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் நரம்புகளும் தம் செய்திகளை ஒரே நிலையத்தில் சேர்க்கின்றன. ஆகவே கழுத்தின் துன்பம் தாடையில் ஒலிப்பது வியப்பன்று. நாள் முழுதும் தலையை முன்னே நீட்டியபடி வேலை செய்வோரிடம் கழுத்தையும் தாடையையும் சேர்த்தே ஆராய்தல் நன்று.

இனி, இவ்விருவரும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும் முறையைக் காண்போம். சொத்தை, சீழ், முளைக்க இடமின்றித் தவிக்கும் ஞானப்பல் முதலியவை உண்டா என்று பார்த்து விலக்குவது பல் மருத்துவரின் முதற்கடன். இதைச் செய்யாமல் தசையைப் பிடித்துவிடுவது பிழை. அடுத்து இயன்முறை மருத்துவர் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை அளந்து குறிக்கிறார். வளர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் திறக்கவேண்டும்; தம் மூன்று விரல்களை அடுக்கி நுழைக்க முடிந்தால் போதுமானது என்பர். பின் வெந்நீர் ஒற்றடமிட்டுத் தசையைத் தளர்த்துகிறார். உறையணிந்த கட்டைவிரலைக் கீழ்க் கடைவாய்ப் பற்களின்மேல் வைத்து மூட்டை மெல்லக் கீழே இழுக்கிறார். நா நுனியை மேற்பற்களுக்குப் பின்னே அண்ணத்தில் ஊன்றி, அது விலகாதவாறு வாயைத் திறந்து மூடும் பயிற்சியைக் கற்பிக்கிறார்.

வரிசை இங்கே மிக முக்கியமானது. தசை இறுகியிருக்கையில் தாடை கோணலாக நிற்கும். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாதவைபோலத் தோன்றும். அந்நிலையை நம்பிப் பல்லை அராவிவிட்டால், தசை தளர்ந்த பின் பொருத்தம் உண்மையாகவே கெட்டுவிடும். அராவிய பல் மீண்டும் வளராது.

துன்பத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தல் என்பது நம் வழக்கு. பலர் அதை எழுத்துப்படியே செய்கின்றனர், உறக்கத்திலும்கூட. வாய் மூடியிருக்கும்போது உதடுகள் சேர்ந்திருக்கலாம். பற்கள் சேர்ந்திருத்தல் ஆகாது. இரவில் பற்களின்மேல் அணியும் பிளாஸ்டிக் தகடு பற்கள் தேயாமல் காக்கும். வலியையும் அதுவே போக்கும் என்ற எண்ணம் முன்போல் வலுவாக இல்லை. 2023-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட சர்வதேச வழிகாட்டுதல், நாட்பட்ட தாடை வலிக்கு மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியையும், கையால் செய்யும் சிகிச்சையையும், மனப்பயிற்சியையும் முன்னிறுத்திற்று. தகட்டைப் பின்னுக்குத் தள்ளிற்று. பல் மருத்துவர்களுக்கு இது இனிய செய்தியன்று. எனினும் அவர்களுள் பலர் இதனை ஏற்றுக்கொள்வர் என்றே நம்புகிறோம்.

நம் நாட்டிற்கே உரிய செய்தி ஒன்றுண்டு. பாக்கு மெல்வோரின் வாய்த்தோல் இறுகி, வாய் நாளடைவில் திறக்கமுடியாமற் போகும். பம்பாயில் டாக்டர் ஜோஷி 1953-இல் இதனை விளக்கி எழுதினார். காரம் பட்டால் எரிவது இதன் தொடக்கம். புற்றுநோயாக மாறவும் கூடும். மரக்குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கி வாயை விரிக்கும் பயிற்சி உதவும். ஆயினும் பாக்கை விடாதவருக்குப் பயிற்சி பயன் தராது.

சில வலிகளுக்குக் காத்திருத்தல் கூடாது. நடக்கும்போது மார்பு கனத்து, வியர்த்து, தாடையும் வலித்தால் அது இருதயத்தின் அறிகுறியாகலாம். காயம்பட்ட சில நாட்களில் வாய் பூட்டிக்கொண்டால் அது தசை விறைப்பு ஜன்னியாகலாம். ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மெல்லும்போது தாடை வலித்து, பொட்டில் நோவும் பார்வை மங்கலும் சேர்ந்தால், அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

மற்றையோர் முதலில் பல் மருத்துவரிடமே செல்லலாம். பல்லில் குற்றமில்லை என்று அவர் கூறினால், பிடுங்கும்படி வற்புறுத்தாமல், இயன்முறை மருத்துவருக்கு ஒரு கடிதம் கேட்டுப் பெறுக. எடுத்த எக்ஸ்ரே படத்தையும் உடன் கொண்டு செல்க.